மார்த்தாண்டம் தேனை மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

தீக்காயத்துக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு சீழ்வைத்துவிட்ட புண்ணுக்கும் கட்டுப்போட, கிருமிநீக்கம் செய்த மருத்துவத் தேன் நம் அரசு மருத்துவமனைகளில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். அந்தத் தேன் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர் எடுத்த தேனாக இருக்க வேண்டும். இந்த மடலின் கோரிக்கை இவ்வளவுதான். பழமையின் மேல் உள்ள பாசத்தால் இதைக் கேட்கவில்லை. ஆதாரம் இருக்கிறது, மூலப்பொருள் நம் மண்ணிலேயே இருக்கிறது, அது தேவைப்படுகிறவர்கள் நம் வார்டுகளில் படுத்திருக்கிறார்கள். இவற்றை ஒன்றுசேர்க்கும் ஆணை உங்கள் மேசையிலிருந்துதான் வர முடியும்.

தீக்காய வார்டில் கட்டு மாற்றும் நேரத்தில் ஒருமுறை நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பட்டாசு ஆலையிலிருந்து வந்தவர், அடுப்படியில் சேலை பற்றிக்கொண்டவர், கொதிக்கும் குழம்பு மேலே கொட்டிய குழந்தை என்று எல்லாருக்கும் பயம் அந்த நேரத்தைப் பற்றியதுதான். புண்ணின் நீர் காய்ந்து வலைத்துணி சதையோடு ஒட்டியிருக்கும். செவிலியர் உப்புநீர் ஊற்றி ஊறவைத்து, ஓரத்திலிருந்து பிடித்து மெல்ல உரிப்பார். எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும், இரண்டு நாளில் அரும்பியிருந்த இளந்தோல் துணியோடு சேர்ந்து கிழிந்து வரும். வெளுத்த சதையில் ரத்தம் புள்ளி புள்ளியாகக் கசியும். ஆறிக்கொண்டிருந்த புண்ணை நாமே மறுபடி புண்ணாக்குகிற வேலை இது. செவிலியரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் கையில் நாம் கொடுத்திருக்கும் துணி அப்படி.

தேன் ஊறிய கட்டு அப்படி ஒட்டாது. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. தண்ணீர் 17 முதல் 20 விழுக்காடுதான். அவ்வளவு செறிவான பொருளைப் புண்ணின்மேல் வைத்தால், அடியிலிருந்து நிணநீரை அது மேலே இழுக்கிறது. புண்ணுக்கும் கட்டுக்கும் நடுவே ஈரப்படலம் ஒன்று நிற்பதால் கட்டு வழுக்கிக்கொண்டு வரும். அழுகிய சதைத் துணுக்குகளும் அந்த நீரோடு கழன்றுவிடும். கிருமிகளிடமிருந்தும் தேன் தண்ணீரைப் பறிக்கிறது. அதன் பி.எச். அளவு 3.2 முதல் 4.5 வரை இருப்பதால், அந்தப் புளிப்பிலும் பல கிருமிகளால் பெருக முடிவதில்லை.

இதற்கும் மேலாக ஒரு வேலை நடக்கிறது. பூவிலிருந்து கொண்டுவந்த மதுரத்தில் தேனீ தன் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறது. கெட்டியான தேனில் அந்த நொதி சும்மா கிடக்கும். புண்ணின் நீர் கலந்து தேன் இளகியதும் விழித்துக்கொண்டு, குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கத் தொடங்கும். புண் கழுவ நாம் பாட்டிலிலிருந்து ஊற்றி நுரைக்க விடுகிறோமே, அதே பெராக்சைடு. ஆனால் பாட்டிலில் இருப்பது கிருமியோடு நல்ல சதையையும் சுட்டுவிடும். தேனில் ஊறுவது அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் ஒரே நேரத்தில் கொட்டாமல் மணிக்கணக்கில் சிறுகச் சிறுக வருகிறது. சதைக்குக் கேடில்லாமல் கிருமியை அடக்க அது போதுமானதாக இருக்கிறது.

புண்ணில் தேன் வைப்பது பழைய வழக்கம். எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்னும் அறுவை மருத்துவ ஏட்டில் புண்ணுக்குத் தேனும் கொழுப்பும் நார்த்துணியும் வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறது. சுசுருத சம்ஹிதை தேனையும் நெய்யையும் சொல்கிறது. ஆனால் பழமை மட்டும் ஒன்றை மருந்தாக்கிவிடாது. தீக்காயத்துக்குப் பேனா மை ஊற்றுவதும் வழக்கமாகத்தான் இருந்தது. தேன் சோதனைக்கு உட்பட்டதா, தேறியதா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

சோதனை நம் நாட்டிலேயே நடந்தது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த எம். சுப்ரமண்யம், தீக்காயம் பட்ட 104 பேரை இரண்டு பிரிவாக்கி, 52 பேருக்குத் தேனும் 52 பேருக்கு வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் வைத்துக் கட்டினார். 1991-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் அது வெளிவந்தது. ஏழு நாளில் தேன் பிரிவில் 91 விழுக்காட்டினரின் புண் கிருமியற்றிருந்தது, களிம்புப் பிரிவில் 7 விழுக்காடு. பதினைந்தாம் நாளில் தேன் பிரிவில் 87 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியிருந்தது, மற்றதில் 10. உலகம் முழுவதும் தேன் மருத்துவம் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் சோலாப்பூரைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. நம் மருத்துவ மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அந்த ஆய்வின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அது ஒரே ஊரில், ஒரே குழுவின் கையில் நடந்தது. எந்த நோயாளிக்கு என்ன வைத்திருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரியும். போட்டியாக நின்ற சில்வர் சல்ஃபாடயசின் புதுத்தோல் வளர்வதைத் தாமதப்படுத்தக்கூடியது என்று பின்னால் தெரியவந்தது. மெதுவாக ஓடுகிறவரை முந்தியதை வைத்து எல்லாப் பாராட்டும் தந்துவிட முடியாது. அதனால்தான் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வை நான் கூடுதலாக மதிக்கிறேன். 3,011 பேர் பங்கேற்ற 26 ஆய்வுகளை அது சலித்துப் பார்த்தது. தோலின் முழு ஆழத்துக்கும் போகாத தீக்காயங்கள், வழக்கமான கட்டுகளைவிடத் தேன் கட்டில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன. இதற்கான ஆதாரம் உயர்ந்த தரமுடையது என்றது. அறுவை சிகிச்சைக்குப் பின் கிருமி தொற்றிய புண்களும், கிருமிநாசினியும் வலைத்துணியும் வைப்பதைவிடத் தேனில் சீக்கிரம் ஆறுவதாகச் சொன்னது. காலில் ரத்தநாளக் கோளாறால் வரும் ஆறாப்புண்ணுக்குத் தேனால் தெளிவான பயன் இல்லை என்றும், மற்ற பல புண்களுக்கு முடிவு சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றும் ஒளிக்காமல் எழுதியது. ஆதாரம் நிற்கும் இடத்தில்தான் இந்த மடலும் நிற்கிறது. தேன் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்லவில்லை. இரண்டு வகைப் புண்ணுக்குக் கேட்கிறோம்.

நான்கைந்து நாள் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தினக்கூலிக் குடும்பத்தில் ஒருவர் வார்டில் கிடந்தால் துணைக்கு இருக்கும் இன்னொருவரின் கூலியும் போகிறது. நாலு நாள் முன்னதாக வீடு திரும்புவது அவர்களுக்கு எட்டு நாள் கூலி. மருத்துவமனைக்கும் ஒரு படுக்கை நாலு நாள் முன்னதாகக் காலியாகிறது.

பிற நாடுகள் தங்கள் தேனை எப்படி மருந்தாக்கின என்று பாருங்கள். நியூசிலாந்தில் மனுக்கா புதர்ப் பூவின் தேன் ஒரு காலத்தில் பெரிதாக விலைபோகாத சரக்கு. வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் 1980-களில் அதைச் சோதித்தபோது, பெராக்சைடை நீக்கிய பிறகும் அந்தத் தேன் கிருமியை அடக்குவதைக் கண்டார். மெத்தில்கிளையாக்சல் என்ற பொருள்தான் அதற்குக் காரணம் என்பது பல ஆண்டு கழித்து உறுதியானது. 1999-இல் ஆஸ்திரேலியா மருத்துவத் தேனுக்கு அனுமதி கொடுத்தது. 2007-இல் அமெரிக்காவிலும் தேன் கட்டு மருத்துவச் சந்தைக்கு வந்தது. மலேசியாவின் துவாலாங் தேன் நமக்கு இன்னும் நெருக்கமானது. மழைக்காட்டின் உயர்ந்த துவாலாங் மரங்களில் அடை கட்டுகிற அந்தத் தேனீ வேறெதுவும் இல்லை, நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் பாறை முகட்டில் தொங்குகிற அதே மலைத்தேனீ. கிளந்தானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அந்தத் தேனைக் காமாக் கதிரால் கிருமிநீக்கி, தீக்காயக் கட்டாகச் செய்து ஆராய்ந்தார்கள். யாருடைய தேனையும் விலைகொடுத்து வாங்கக் காத்திருக்காமல், தங்கள் காட்டுத் தேனையே சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனார்கள்.

நம்மிடம் மார்த்தாண்டம் இருக்கிறது. 1924-இல் ஒய்.எம்.சி.ஏ.யின் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முன்பே பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்திருந்தார். இன்றும் அவர் பெயரால்தான் அந்தப் பெட்டி அழைக்கப்படுகிறது. குமரி மாவட்டத்தில் வீட்டுக் கொல்லையிலும் ரப்பர் தோட்டத்திலும் பெட்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானபோதும் இந்தத் தொழிலை அவர்கள் விடவில்லை. மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கி மீண்டும் எழுந்தார்கள். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த பிறகும் அந்தத் தேன் போய்ச் சேரும் இடம் என்னவோ சமையலறை அலமாரிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே போனால் நான் தவறு செய்தவனாவேன். கடையில் வாங்கிய தேனைப் புண்ணில் ஊற்றக் கூடாது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே என்று அறிவித்தது நினைவிருக்கும். அரிசிப் பாகு கலந்தால் சாதாரணச் சோதனையில் பிடிபடாது. தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தோய்த்துக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது எல்லாம் வீண் நம்பிக்கை. கலப்படம் இல்லாவிட்டாலும் சிக்கல் தீரவில்லை. புளிக்காமல் இருக்கத் தேனை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். நான் மேலே சொன்ன நொதி அந்தச் சூட்டைத் தாங்காது. அதே நேரம், தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்டிரிடியம் என்ற கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டில் சாவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நக்கக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இந்த வித்துகளால்தான். ஆக, பதப்படுத்திய தேனில் நல்லது போய்விடுகிறது, கெட்டது தங்கிவிடுகிறது. புண்ணுக்கு வேண்டியது நேர்மாறு: நொதி இருக்க வேண்டும், வித்து ஒழிய வேண்டும்.

அதற்கு வழி காமாக் கதிர். 25 கிலோகிரே அளவு கதிர் பாய்ச்சினால் வித்துகள் அழிகின்றன, தேனின் கிருமியடக்கும் திறன் குறைவதில்லை என்று மோலன் குழுவினரே 1990-களில் காட்டிவிட்டார்கள். மருத்துவப் பொருள்களுக்குக் காமாக் கதிர் பாய்ச்சுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. மும்பை டிராம்பேயில் ஐசோமெட் கூடம் 1974-லேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

கதிருக்குப் போகும் முன், தேன் பெட்டியிலிருந்தே சரியாக வர வேண்டும். தேன் அறையின் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் முதிர்ந்த தேன் எது என்று தெரிந்துவிடும். நீர் வற்றிப் பக்குவப்பட்ட கண்ணறைகளைத் தேனீக்கள் வெள்ளை மெழுகால் மூடிவைத்திருக்கும். மூடாத கண்ணறையில் இருப்பது நீர்த்த தேன். எடுத்தால் சில வாரத்தில் புளித்துப் பொங்கும். ரப்பர் மரம் தளிர்விடும் பருவத்தில் மதுரம் பெருகி வரும்போது, மூடுவதற்குள் பிழிந்துவிட்டால் இன்னொரு சுற்று எடுக்கலாம் என்ற ஆசை வரும். கிலோவுக்குக் கிடைக்கும் விலையைப் பார்த்தால் அந்த ஆசையைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. மூடிய சட்டத்திலிருந்து மட்டும் எடுத்து, துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் சேர்த்து, சூடுபடுத்தாமல் தருகிறவருக்கு அதற்கேற்ற கூடுதல் விலை கொடுத்தால்தான் மருத்துவத் தேன் கிடைக்கும். தேனீக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக், ரப்பர் இலைக்குத் தூவும் மருந்து ஆகியவற்றின் எச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுதியையும் பார்க்க வேண்டும். கிருமியடக்கும் திறனையும் ஒவ்வொரு தொகுதிக்கும் அளக்க வேண்டும். ஒரே தோட்டத்துத் தேன்கூடப் பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் காட்டுவேன். வாங்கும் மருந்தின் தொகுதி ஒவ்வொன்றையும் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் மருத்துவமனைக்கு விடுவது என்று முப்பது ஆண்டுக்கு முன்பே நெறி வகுத்து, பிற மாநிலங்கள் வந்து கற்றுக்கொண்டு போகும் அமைப்பு அது. அந்த ஒழுங்கைத் தேனுக்கும் நீட்டினால் போதும்.

தேன் கட்டு மருத்துவச் சாதனமா, சித்த மருந்தா என்று கோப்பு இழுபடும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின் வழியும் இருக்கிறது, சித்த மருந்துகளுக்கு மாநிலமே உரிமம் வழங்கும் வழியும் இருக்கிறது. அரசுச் சித்த மருத்துவமனைகளுக்கு மருந்து செய்துதரும் டாம்ப்கால் நிறுவனமும் நம்மிடம் உண்டு. எந்த வழி என்பதை ஒருமுறை தீர்மானித்துவிடுங்கள். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க விடாதீர்கள்.

அதோடு நம் ஆய்வு ஒன்று வேண்டும். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நாடறிந்தது. அங்கும், தென் மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியிலும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, மார்த்தாண்டம் தேன் கட்டையும் இப்போது போடும் கட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புண் ஆறிய நாளைக் கணக்கிடுபவருக்கு எந்தக் கட்டு என்பது தெரியாதபடி செய்யுங்கள்; சோலாப்பூரின் குறை அதனால் தீரும். கட்டு மாற்றும்போது வலி எவ்வளவு என்பதையும் நோயாளியிடமே கேட்டு எழுதுங்கள். தேனின் புளிப்பு சிலருக்குச் சுரீரென்று எரியும். தேனீப் பொருள் ஒவ்வாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கும் சேர்த்துக் கேட்கக் கூடாதா என்று பலர் நினைப்பார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வில் தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று வந்தது. விரலையோ பாதத்தையோ இழந்தவர் நம் தெருவில் யாராவது இருப்பார். அந்த வேதனை தெரிந்தே சொல்கிறேன்: கால்புண்ணுக்கான ஆதாரம் இன்னும் உறுதிப்படவில்லை. அந்தப் புண் ஆற ரத்தச் சர்க்கரை கட்டுப்பட வேண்டும், அழுகிய சதையை வெட்டி நீக்க வேண்டும், பாதத்தில் பாரம் விழாமல் பார்க்க வேண்டும். தேன் வைத்தால் போதும் என்று நம்பி ஒரு வாரம் வீட்டிலிருந்தால் கால் போய்விடும். ஆகவே கால்புண்ணை ஆய்வாக மட்டும், இரண்டாம் கட்டத்தில் எடுங்கள்.

தேனீயின் மற்ற பொருள்களைப் பற்றி ஒரு சொல். தேன்மெழுகு களிம்புக்கு நல்ல அடித்தளம். பித்தவெடிப்புக்கு அதைத் தடவுவதில் கெடுதல் இல்லை. மரப்பிசினைக் கொண்டு தேனீ செய்யும் புரோபோலிஸ் இப்போது அழகுப் பொருள் கடைகளில் பெருகிவருகிறது. நம் இந்தியத் தேனீ அதைச் சேர்ப்பதே இல்லை; இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும்தான் சேர்க்கும். பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும் பொருள் அது. புண்ணில் தடவும் அளவுக்கு அதை நம்ப இன்னும் காலம் இருக்கிறது.

ஆய்வும் உரிமமும் முடிய நாளாகும். அதுவரை செய்யக்கூடிய ஒன்றுக்குச் செலவே இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீடு வீடாகப் போகும் ஊழியர்கள் கையில் ஒரு பக்க அறிவிப்பு கொடுங்கள். அதில் இப்படி எழுதுங்கள்: தீப்பட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, தோசை மாவு, மை, காபித்தூள், கடைத் தேன் எதையும் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். இந்த மூன்று வரி எல்லா வீட்டுச் சமையலறைக்கும் போய்ச் சேர வேண்டும்.

குமரியில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடுவது தை மாதத்தில். மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் அப்போதுதான் மதுரம் சுரக்கத் தொடங்கும். மாசி, பங்குனியில் தேன் எடுப்பார்கள். அந்தப் பருவம் தவறினால் அடுத்த தேனுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். தீக்காய மருத்துவர்கள், சித்த மருத்துவர்கள், வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்கள், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் ஆகியோர் அடங்கிய குழு ஒன்றை மார்கழிக்குள் அமைத்து, இந்த மாசியில் எடுக்கும் தேனின் முதல் தொகுதியைச் சோதனைக்கு எடுக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.